பாட்டுப் பிறக்கும் வகை



நான் முறையாகச் சங்கீதம் கற்றவனல்லன், வித்வான்களின் பக்கத்தில் காகிதமும் பென்சிலுமாய் உட்கார்ந்து சாஹித்யம் எழுதிப் பழகியவன் என்பதை அறிந்தேதான் இம்மாநாட்டுக்குத் தலைமை வகிக்க அழைத்தீர்கள் என்று நம்புகிறேன். ஆகையால் ராக லக்ஷணங்களைப் பற்றிய சர்ச்சையைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு, ஒரு பாட்டு ஏட்டிலிருந்து எழுந்து சபையில் ஒலிக்கும்வரை அதற்கு என்னென்ன நேர்கிறது என்பதை மட்டும் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

கவிஞன் முதலில் எழுதுவதும் பாடகன் பிறகு மெட்டமைப்பதுமே சாஹித்யத்துக்குக் கௌரவம் என்றும், மெட்டுக்குச் சொல் வைப்பது சினிமாக்காரர்கள் புகுத்திய அநாசாரம் என்றும் நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1892-ல் அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் புரட்டினால் இவ்வெண்ணம் நிலைக்காது. மாதவியின் அரங்கேற்றத்துக்குத் துணைநின்ற ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணத்தை வரிசையாக வகுக்கும் இளங்கோவடிகள், இசைவல்லவன் அமைத்ததை உணர்ந்து அதற்குப் பொருந்தச் சொல் வைப்பதைப் புலவனுடைய தகுதிகளுள் ஒன்றாகவே கூறுகிறார். (இசையாசானைப் புலவனுக்கு முன்னே நிறுத்தியிருப்பதை நான் வேண்டுமென்று சுட்டவில்லை.) முத்துசுவாமி தீக்ஷிதர் (1775–1835) இங்கிலீஷ் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாஹித்யம் செய்தவற்றையே நோட்டுஸ்வரம் என்கிறோம். சீகாழி அருணாசலக் கவிராயருடைய (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளுக்கோ சட்டநாதபுரத்து மாணாக்கர் இருவர் மெட்டமைக்கத் துணைநின்றார்கள். எது முன், எது பின் என்பது அவரவர் சௌகரியம். இரண்டும் ஒன்றிடம் ஒன்று எத்தனைமுறை போய்வந்தன என்பதே கேள்வி.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சொந்த ஊரை நினைத்துத் "தாமரைக் குளம்" என்று பல்லவி தொடங்கும் ஒரு பாட்டெழுதி, பிடில் வித்வானாகிய நண்பரிடம் கொடுத்தேன். அவர் அதை மோஹனத்தில், ஆதி தாளத்தில், சமத்தில் எடுத்து அழகாக அமைத்திருந்தார். ஒத்திகையில் ஒரு பெண் பாடினாள். குரல் இனிமைதான், ஆனால் 'கு' என்ற குற்றெழுத்தின்மேல் நீண்ட கார்வை விழுந்தபடியால், தாமரைக் குளம் தாமரைக் கூளமாகிவிட்டது! குறிலை நெடிலாய் இழுத்தால் தமிழில் பொருளே மாறிப்போகும் என்பதை இலக்கணத்தில் படித்திருந்த நான், அன்றுதான் காதால் படித்தேன்.

வெட்கத்தோடு 'குளம்' என்பதை அடித்துவிட்டு 'வாவி' என்று எழுதி நீட்டினேன். கார்வை தாங்க நெடில் கிடைத்தது. நண்பர் ஒருமுறை பாடிப்பார்த்துப் பிடிலைக் கீழே வைத்தார். "ஐயா, வாவி நிகண்டில் இருக்கிறது. உங்கள் ஊரில் இருப்பது குளமல்லவா?" என்றார். பிறகு அவரே எடுப்பை ஒன்றரை இடம் தள்ளி, கார்வையைத் 'தா'வின்மேல் வைத்து, 'கு'வை ஒரு சிட்டிகை நேரத்தில் கடத்தி, 'ளம்' என்பதன் மெல்லின ஒற்றில் நாதத்தைத் தங்கவிட்டார். குளம் குளமாயிற்று.

அத்துடன் முடியவில்லை. எடுப்பு தள்ளியதால் ஆவர்த்தத் தொடக்கத்தில் ஒன்றரை இடம் காலியாக நின்றது. அதுவரை பிடில், வீணை, குழல் மூன்றும் குரலையே நிழல்போல் தொடர்ந்துகொண்டிருந்தன. அக்காலியிடத்தில் குழல் மட்டும் இரண்டு ஸ்வரங்களை ஊதட்டும், வீணை சரணம் வரையில் பேசாதிருக்கட்டும் என்று அமைத்தார் நண்பர். மிருதங்கக்காரர் தாமாகவே அங்கே கையை அடக்கிக்கொண்டார். மற்றக் கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் தெரிந்து, தன் கை மிஞ்சாமலும் இருப்பவனே தண்ணுமையோன் என்ற பழைய உரைக்கு அன்று கண்ணெதிரே விளக்கம் கண்டேன். வாத்தியச் சேர்க்கை என்று நாம் தனிக் கலையாகப் பேசுவது, அந்தப் பாட்டில் ஒரு குற்றெழுத்தின் கஷ்டத்திலிருந்தே பிறந்தது.

இங்கே படிக்கப்படவிருக்கும் கட்டுரைகள் கீர்த்தனங்களின் பாடபேதங்களைப் பற்றிப் பேசுமென்று அறிகிறேன். ஏட்டில் ஒரு சொல்லும் பாடகர் வாயில் வேறொரு சொல்லும் இருந்தால், உடனே பாடகரைப் பிழைகாரராக்கிவிடாமல், அச்சொல் எந்தத் தட்டில் விழுகிறது என்று ஒருமுறை தாளம் போட்டுப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

மாலைக் கச்சேரியில் நான் சொன்ன பாட்டும் சேர்ந்திருக்கிறதாம். அந்தப் பெண்தான் பாடுகிறாள். அவள் குளத்தைத் தாண்டுகிறவரையில் என்னுடன் யாரும் பேச்சுக்கொடுக்க வேண்டாம்.