பாத்திரம் கழுவும் இயந்திரமும் மூன்றாவது ஓட்டையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் விண்கலம், செயற்கை அறிவு என்றெல்லாம் பேசிவிட்டார்கள். நான் பேசப் போவது பாத்திரம் கழுவுவதைப் பற்றி. சிரிக்க வேண்டாம். ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி இந்த இயந்திரத்துக்கு 1886-லேயே காப்புரிமை வாங்கி, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்துக் காட்டினார். நம் வீட்டு அடுப்படிக்கு அது வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. அதனால்தான் டிஷ்வாஷர் வாங்கினேன். பொருத்துவதற்கு ஆள் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். "மெக்கானிக்கல் இன்ஜினியர் வீட்டிலேயே இருக்கிறேன், எதற்கு ஆள்?" என்று ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

முதலில் தண்ணீர். எங்கள் வீடு சென்னையில் ஒரு அடுக்ககத்தின் கடைசி மாடி. தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீர் நன்றாக வரும் என்று நினைப்போம். நேர் எதிர்! பத்து மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். எங்கள் தொட்டிக்கும் அடுப்படிக் குழாய்க்கும் நாலு மீட்டர்தான் இடைவெளி. அதாவது 0.4 பார். குறிப்பேட்டில் குறைந்தது 0.3 வேண்டும் என்று போட்டிருந்தது. தப்பித்தேன். கடைசி மாடிக்காரர்கள் வாங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து குழாய். ஆங்கிள் காக் அரை இஞ்ச், மெஷின் ஹோஸ் முக்கால் இஞ்ச். நடுவில் ஒரு பித்தளை இணைப்பு போட்டேன். ஹோஸ் பக்கத்து மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றியும் ஒழுகியது. காரணம், அந்தப் பக்கம் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். டேப் சுற்றியதால் மரை இறுகி, வாஷர் சரியாக உட்காரவே இல்லை. டேப்பை எடுத்துவிட்டுக் கையால் முடுக்கினேன், ஒழுகல் நின்றது. கழிவுக் குழாயைத் தரையோடு தரையாக விட்டதில் இன்னொரு கூத்து. மெஷின் ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்க, மறுபக்கம் சைஃபன் அதை உறிஞ்சிக்கொண்டே போனது. குழாயை மேடைக்கு அடிவரை தூக்கி வளைத்துக் கட்டினேன். போர் தண்ணீரின் உப்புக்கு மெஷினுக்குள்ளேயே ரெசின் இருக்கிறது. அதற்கென்று விற்கும் உப்பைத்தான் போட வேண்டும், சமையல் உப்பு கூடாது.

இதெல்லாம் சின்ன விஷயம். கடைசியில்தான் கரண்ட்டுக்கு வந்தேன். அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மெஷின் 2000 வாட். 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. மேடைக்குக் கீழே 16 ஆம்பியர் பாயின்ட் இருந்தது. டெஸ்டர் வைத்தேன், எரிந்தது. ஆனால் டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. மல்டிமீட்டர் வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும்? அதுவும் 230-ஐ ஒட்டி வரவேண்டும். எனக்கு வந்தது தொண்ணூறு சொச்சம். அரைகுறை எண். மனசுக்குச் சரியாகப் படவில்லை. தெரு முனை எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். ஃபேஸ், நியூட்ரலில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸ், எர்த்தில் வைத்தார். ஒன்றுமில்லை. "மீட்டர் கரண்ட்டே இழுக்காது சார், அதான் சும்மா தொங்குற ஒயர்லகூட ஏதாவது காட்டும். பல்பு பொய் சொல்லாது" என்றார். (இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.) பெட்டியைக் கழற்றினார். பச்சை ஒயர் உள்ளே வெட்டி மடக்கிக் கிடந்தது. வீடு கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் போலிருக்கிறது.

அதே பெட்டியில்தான் அம்மாவின் பழைய கிரைண்டரும் ஓடுகிறது. "லேசா சுருக்குங்குதுடா" என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அல்ல, ஆறு வருஷமாக. "ஈரக் கையோட தொடாதம்மா" என்பதுதான் இன்ஜினியர் மகனின் பதில். அம்மா அதன் பிறகு என்னிடம் கேட்கவில்லை. ஒரு மணைப் பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் நின்றுதான் சுவிட்சைப் போடுவார். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இந்தக் கல்லூரியில் முதல் வருஷமே பேசிக் எலெக்ட்ரிகலில் எர்த்திங் படித்தவன் நான். பிளக்கில் எர்த் பின் ஏன் நீளம் என்று வைவாவில் கேட்டார்கள். முதலில் தொட வேண்டும், கடைசியில் விலக வேண்டும் என்று டாண் என்று சொன்னேன். ஹாஸ்டலில் பிளக்கே இல்லாமல் தீக்குச்சியைச் செருகி ஹீட்டர் போட்ட கூட்டமும் நாங்கள்தான், அது வேறு விஷயம்.

அண்ணன் எர்த் ஒயரை இழுத்துச் சேர்த்தார். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டார். கசிவு அந்த அளவைத் தாண்டினால் அதுவே இணைப்பைத் துண்டித்துவிடும். டிஷ்வாஷரைப் போட்டோம், ஓடியது. பிறகு கிரைண்டரைப் போட்டோம்.

'டக்'. வீடே இருட்டு.

மறுபடி போட்டோம். மறுபடி 'டக்'. கிரைண்டரின் உடம்பில் அத்தனை நாளும் கசிந்த கரண்ட்டுக்கு இப்போதுதான் போக வழி கிடைத்திருக்கிறது. அதற்கு முன்னால் அதற்கிருந்த வழி அம்மாவின் கை.

இருட்டில் யாரும் பேசவில்லை. அம்மாதான் சொன்னார்: "நான்தான் சொன்னேனேடா."

கிரைண்டருக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. பலகை மட்டும் அங்கேயே கிடக்கிறது. எடுத்து வைக்கப் போனால், "இருக்கட்டும், நீ போ" என்கிறார்.

தண்ணீர் அழுத்தக் கணக்கு வேண்டுமென்றால் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடியுங்கள். எர்த் சந்தேகம் உள்ளவர்களுக்கு அந்த அண்ணன் நம்பர் தருகிறேன்.