வண்டிக் கூண்டில் வெடிப்பு விழுந்தால்



தோட்டத்துப் பிக்கப் வண்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் வெள்ளை நிறக் கூண்டு ஒன்று பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருவிழாவுக்குப் பாத்திரம் பண்டம் ஏற்றிப் போகையில் மழை நனைக்காமல் காப்பது அதுதான். தூரத்தில் பார்த்தால் தகரம் போல் இருக்கும். ஆனால் அது பைபர்கிளாஸ். மெல்லிய கண்ணாடி நார்களைப் பிசினில் தோய்த்து இறுக வைத்த பொருள். அதற்குத் துரு ஏறாது. செம்பனைக் குலை ஒன்று மேலே விழுந்தால் தகரம் நெளியும், இது வெடித்துவிடும்.

வெடித்த இடத்தில் பட்டியைப் பூசிச் சாயம் அடித்துவிடுவது நம்மவர் வழக்கம். ஒரு மாதம் அழகாகத்தான் இருக்கும். செம்மண் பாதையில் வண்டி குலுங்கக் குலுங்க, பழைய கோட்டிலேயே மீண்டும் விரியும். இழுவையைத் தாங்குவது நார். வெறும் பட்டியில் அந்த நார் கிடையாது. ஆகையால் நார்ப் பாயைத்தான் வைத்து ஒட்டவேண்டும்.

ஒட்டுவதைவிடத் தேய்ப்பதுதான் பெரிய வேலை. உடைந்து தொங்கும் துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்கவேண்டும். தகட்டின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. கனம் 3 மில்லிமீட்டர் என்றால், விளிம்பிலிருந்து 36 மில்லிமீட்டர் தூரம் வரை தேய்க்கவேண்டும். "இத்தனை அகலமா?" என்று கேட்பீர்கள். ஒட்டு பிடிப்பதற்கு இடம் வேண்டாமா? பளபளப்பான மேற்பூச்சின் மீது எதை ஒட்டினாலும் உரிந்து வந்துவிடும்.

தேய்க்கும்போது பறக்கும் தூள் கண்ணாடித் தூள். மூக்குக்கு நல்ல முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, நீளக் கை சட்டை மூன்றும் வேண்டும். அந்தச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள், தாய்மார்களே! வீட்டில் எல்லாருக்கும் அரிப்பு எடுக்கும்.

தேய்த்த இடம் நன்றாக உலர்ந்திருக்கவேண்டும். பனி ஈரம் போன பிறகு, கூரை நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொடங்குங்கள். ஓட்டையின் உட்புறம் பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டை ஒன்றை அணை கொடுத்துவிட்டுப் பாயை வெட்டிக்கொள்ளுங்கள். 450 கிராம் பாய் என்று கடையில் கேட்டு வாங்கினால், ஓர் அடுக்கு இறுகியபின் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் வரும். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு மூன்று அடுக்கு போதும்.

இனிப் பிசின். பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாலில் எறும்பு அமிலம் கலந்தால் உறைகிறதல்லவா? பாலியெஸ்டர் பிசினையும் ஒரு மருந்து கலந்தே இறுக வைக்கிறோம். ஆனால் இது இறுகும்போது சூடேறும். 100 கிராம் பிசினுக்கு மருந்து 1 கிராம் முதல் 2 கிராம் வரை. நம் ஊர் வெயிலுக்கு 1 கிராமே பெரும்பாலும் போதும். டின்னில் எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "சீக்கிரம் காயட்டும்" என்று கூடுதலாக ஊற்றினால், தூரிகையை எடுக்குமுன்பே கிண்ணத்தில் கட்டியாகிப் புகை கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

பாயின் மேல் தூரிகையால் தேய்க்காமல் குத்திக் குத்திப் பிசினை ஊறவையுங்கள். வெள்ளைப் பாய் கண்ணாடி போல் தெளியவேண்டும். வெள்ளையாக நிற்கும் இடத்தில் காற்று இருக்கிறது. பிசின் அங்கே சேரவில்லை.

அந்த மருந்துப் போத்தலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தண்ணீர் போல் தெளிவாக இருப்பதால் அதைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் தம் மாமாவின் வண்டிக்கு ஒட்டுப்போடும்போது போத்தலை அமுக்க, ஒரு சொட்டு கண்ணில் தெறித்தது. மாமா வண்டிச் சாவியைத் தேடி ஓடினார். இளைஞரின் தாயார் அதற்குக் காத்திருக்கவில்லை. மகனைக் குழாயடிக்கு இழுத்துப் போய், இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டார். "போதும் அம்மா, விடுங்கள்" என்று அவர் கதறியும் விடவில்லை. அதன் பிறகுதான் மருத்துவமனை. பார்வை தப்பியது. அந்தச் சொட்டு கண்ணைக் குருடாக்க வல்லது. உடனே, 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும்; டாக்டரிடம் போவது அதற்கு அடுத்தபடி.

பிசினின் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் சமையலறைப் பக்கமோ, சிகரெட்டோடோ இந்த வேலை வேண்டாம். மருந்தைச் சோடாப் போத்தலில் மாற்றி ஊற்றிவைக்கவும் கூடாது. பிள்ளை எடுத்துக் குடித்துவிடும்.

ஒட்டு நன்றாக இறுகியபின், மறுநாள் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, மென்மையான தாளில் முடியுங்கள். பட்டிக்கு வேலை இப்போதுதான். சிறு பள்ளங்களுக்கு மெல்லியதாகப் பூசிச் சாயம் அடிக்கலாம். கிண்ணத்தில் மிஞ்சிய பிசினை உடனே குப்பைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். திறந்த வெளியில், வெறும் சிமெண்டுத் தரையில் வைத்து, இறுகிச் சூடு முழுவதும் ஆறிய பிறகு எடுத்துப் போடுங்கள்.