பள்ளியின் தலைமை யார் கையில்?

  

கல்வி வேண்டும் என்று நமக்கு இனி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அக்கல்வியைத் தரும் பள்ளிக்குத் தலைமை ஏற்பவர் யார் என்பதே இன்று நாம் எண்ண வேண்டிய வினா.

இம்மாவட்டத்து ஆரணிக்கு அருகில் 1890-இல் எளிய குடும்பத்தில் தோன்றியவர் சுவாமி சகஜானந்தர். நம்மவர்க்குப் பள்ளி வாயில்கள் அடைபட்டிருந்த காலத்தில், 1916-இல், சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். பின்னர்ச் சட்டமன்றத்திலும் அமர்ந்து, ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காகப் பேசினார். 1959-இல் அவர் மறைந்தார்; பள்ளி நிலைத்தது. பிறரிடம் பள்ளி கேட்டு நின்றதோடு அவர் அமையவில்லை, தாமே பொறுப்பேற்றார். பிள்ளையின் பசியை அறிந்த தலைமை அது. ஆதலின் படிப்போடு தங்குவதற்கு விடுதியும் அமைந்தது.

நம் மாவட்டத்துச் சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை நினைத்துப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் எழுத்தறிவு 80 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே 73. பழங்குடியினரிடையே 54 மட்டுமே. மலைப்பிள்ளைகளுக்கு அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. ஆயினும் கட்டடம் மட்டும் பள்ளியாகாது. வராத மாணவனின் பெயரைப் பதிவேட்டில் அடிப்பது எளிது. பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற பெற்றோரைக் கண்டு பேசி, அவனை மீண்டும் அழைத்து வருவதே தலைமை.

அமெரிக்காவில் நவாஹோ பழங்குடியினர், 1966-இல் தொடங்கிய ரஃப் ராக் பள்ளியைத் தம் மக்கள் குழுவைக் கொண்டே நடத்தினர். தம் மொழியையும் அங்கே கற்பித்தனர். நமக்கும் வழியுண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினர்க்கும் விகிதப்படி இடமுண்டு. வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், நிதி செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமைகள். கையொப்பத்திற்கு மட்டும் அழைக்கப்படும் தாய், கணக்குக் கேட்கும் தாயாக உயர வேண்டும்.

இளைஞர்களே! உங்களுள் சிலர் ஆசிரியராகுங்கள். தலைமையாசிரியராகும் தகுதியும் பெறுங்கள். மற்றவர்கள் குழுக் கூட்டத்திற்குமுன் பெற்றோரைச் சந்தித்துச் சட்டத்தைப் படித்துச் சொல்லுங்கள். பட்டம் பெற்றவன் ஊரை மறந்தால், அவன் ஏறிய ஏணி அவனோடு முடிந்துபோகும். அடுத்த பிள்ளைக்கும் அந்த ஏணியைப் பிடித்து நிற்பவனே சமுதாயத் தலைவன்.