நம் வீட்டு நேரத்துக்கும் ஒரு பெரட்டு



பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்த்து, "அவனுக்கு மூளை இருக்கு, வாங்குறான்" என்கிறோம். மூளை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. படிக்க நேரம்தான் எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை.

நேரத்தின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் எழுந்து பெரட்டுக்கு நிற்பவர்கள் நீங்கள். விடிகாலைக் குளிரில்தான் பால்மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மரத்தின் நீர் இலை வழியே போய், பட்டைக்குள் அழுத்தம் குறைந்து, பாலும் குறைந்துவிடும். என் தாயார் பால்மரம் வெட்டியவர். முதல்நாள் மாலையே கத்தியைத் தீட்டி, வாளியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சோறாக்கப் போவார். "காலையில தீட்டிக்கிட்டிருந்தா மரம் காத்திருக்குமா?" என்பார். வள்ளுவர் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். என் தாயார் அதைப் படித்ததில்லை. ஆனால் அதன்படி நடந்தார்.

தோட்ட வேலைக்குப் பெரட்டு தவறாத நாம், வீட்டு நேரத்துக்கு ஒரு பெரட்டு வைத்தோமா?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நாள்தோறும் தாமதமாக வருவாள். நான் கண்டித்து வாசலில் நிற்க வைத்தேன். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போன பிறகே விஷயம் விளங்கியது. தாயும் தகப்பனும் விடியுமுன் செம்பனை வேலைக்குப் போய்விடுவார்கள். இரண்டு தம்பிகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, காலுறை தேடிக் கொடுத்த பிறகுதான் இவள் தலை சீவுவாள். சோம்பேறி என்று நான் நினைத்த பிள்ளைக்குச் சொந்தமாகப் பத்து நிமிடம்கூட இல்லை. "இது எனக்குத் தெரியாம போச்சு சார்" என்றார் தகப்பனார். அன்றிரவு முதல் மூவரின் பை, சட்டை, காலுறை எல்லாவற்றையும் அவரே எடுத்து வைத்தார். மறுவாரம் மணியடிக்குமுன் அவள் வகுப்பில் இருந்தாள். அவளை நிற்க வைத்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றானது. கடிகாரம் நகர்ந்தது, சூரியன் நகரவில்லை. நம் சுங்கை ஆயர் தாவாரில் சூரியன் உச்சிக்கு வர ஏறத்தாழ ஒன்றேகால் மணி ஆகிறது. காலை ஏழு வரை வெளிச்சம் சரியாக இல்லை. மாலை ஏழுக்கும் வெளிச்சம் போவதில்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஏற்ற பழக்கங்கள் சில:

ஒன்று, காலை வேலையை இரவிலேயே முடியுங்கள். பை, சீருடை, காலணி எல்லாம் படுக்குமுன் கதவருகே இருக்கட்டும்.

இரண்டு, மாலை வெளிச்சத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். விளக்குப் போட்டதும், ஏழரை முதல் எட்டரை வரை படிப்பு. அந்த ஒருமணி நேரம் தொலைக்காட்சி வேண்டாம்; கடைக்கும் அனுப்ப வேண்டாம்.

மூன்று, சுவரில் ஒரு கடிகாரம் மாட்டுங்கள். மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தால் அரைமணி அதிலேயே போய்விடும்.

நான்கு, நாளை செய்யவேண்டிய மூன்று வேலைகளைச் சிறு நோட்டில் எழுதுங்கள். கடினமானதை முதலில் செய்து, முடிந்ததும் கோடு போடுங்கள்.

ஐந்து, உட்கார முடியாத பிள்ளைக்கு 25 நிமிடப் படிப்பு, 5 நிமிட ஓய்வு. இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தைத் திருகி வைத்து உருவாக்கிய முறை இது. நமக்குச் சுவர்க்கடிகாரமே போதும்.

பெற்றோர்களே, எழுதப் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஒருமணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் உழைப்பு நேரத்தைத் தோட்டம் கணக்கெடுக்கிறது. பிள்ளையின் நேரத்தைக் கணக்கெடுக்க உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்றிரவே தொடங்குங்கள்.