வேகம் மட்டும் போதுமா?

விமானக் கம்பெனி ஒன்று புதிய விமானம் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்கும்? வேகத்தை என்று நம்மில் பலர் சொல்லக்கூடும். கன்கார்டு விமானத்தின் வரலாறு வேறு விடை தருகிறது.

பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆக்கிய அவ்விமானம் ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் பறந்தது. லண்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சுமார் மூன்றரை மணி நேரமே பிடித்தது. ஆயினும், வாங்க எண்ணியிருந்த பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. என்னும் அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் 1973 ஜனவரியில் பின்வாங்கிவிட்டன.

காரணம் யாது? கன்கார்டில் ஏறக்கூடியவர் ஏறத்தாழ 100 பேர். 1970-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 747-இலோ 300-க்கு மேற்பட்டோர். ஆசனம் ஒன்றுக்கு ஆகும் எரிபொருளைக் கணக்கிட்டால் கன்கார்டின் செலவு பன்மடங்கு. பசிபிக் கடலை இடையில் இறங்காமல் கடக்க அதனால் இயலாது. அதன் பேரொலிக்கு அஞ்சிய நாடுகள் நிலத்தின்மேல் அவ்வேகத்தில் பறக்க இடந்தரவில்லை. முடிவில், 1976 முதல் 2003 வரை பயணிகளுக்குப் பயன்பட்டவை 14 கன்கார்டுகளே. அவற்றை வாங்கியவையும் அவ்விரு நாட்டுக் கம்பெனிகளே.

எத்தனை பேர் ஏறுவர், எவ்வளவு தூரம் செல்லும், ஆசனத்துக்கு என்ன செலவு என்பனவே வாங்குவோரின் கேள்விகள். நாளைய பொறியாளர்களாகிய நீங்கள் வரைபடம் தீட்டுமுன்பே இவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.