கடுக்காயும் நம் மரபுதான்



2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். அதன் பெருமை எதுவென்று கேட்டால் மேகம் அருவியைச் சொல்வார்கள். புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத்தைச் சொல்வார்கள். நமக்கும் அவை பெருமைதான். கடுக்காயை யார் சொல்கிறார்கள்?

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகள் பொறுக்கும் கடுக்காய், தோல் பதனிட உதவும் பொருள். தோலைப் பதனிட்டவை சமவெளியின் சேரிக் கைகள். செருப்புக்கும், கவலை இறைத்த தோலுக்கும் அந்த உழைப்பு வேண்டியிருந்தது. தோலை எடுத்துக்கொண்ட ஊர், தொழில் செய்தவரைத் தீட்டு என்றது. மலையிலோ, 1976இல் அரசு ஏற்கும்வரை ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லா உழைப்பு.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், தினக்கூலிகள். அதன்பின் சேரி என்றால் குடி, மலை என்றால் காய்ச்சும் இடம் என்று பேசுவது எளிதாகிவிட்டது. ஒரு மக்களின் அறிவைக் கணக்கில் எடுக்காதவர்களுக்கு, அவர்களின் சாவு மட்டும்தான் கண்ணில் படும்.

நாம் அனுதாபம் கேட்கவில்லை. சிறு வனப்பொருள்மீது 2006 வன உரிமைச் சட்டம் தந்த உரிமை மலையில் நடைமுறையாக வேண்டும். மாவட்டத்தின் மரபை எழுதும்போது தோல் பதனிட்டவர்களையும் எழுத வேண்டும். அதுவரை அந்தப் பட்டியல் பாதிதான். மீதியை நாம் எழுதுவோம்.