எஜமான விசுவாசம்



சீன தேசத்துச் சரித்திரத்திலிருந்து ஒரு சின்ன உத்தியோகஸ்தனுடைய கதையை இன்று சொல்ல வந்திருக்கின்றோம். ராஜாக்கள் சண்டையிட்டால் அவர்கள் பெயர் புத்தகத்தில் ஏறும். நடுவில் அகப்பட்டவன் பாடு என்னவாயிற்று என்று கேட்பாரில்லை. ஆனால் இவன் பெயர் ஏறியிருக்கின்றது; அதுவும் மகா உத்தமன் என்று ஏறியிருக்கின்றது. அந்த உத்தமத்தின் கணக்கைத்தான் நாம் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கி.பி. 190-ஆம் வருஷம். ஹான் வம்சத்துச் சக்கரவர்த்தி ஒரு சிறுபையன். டோங் ஜுவோ என்னும் சேனாதிபதி அவனைக் கையில் வைத்துக்கொண்டு ராஜ்யத்தை ஆட்டிவைத்தான். அவனைத் தொலைப்பதென்று கீழ்த்திசை அதிகாரிகள் பலர் சுவான்ஸாவ் என்ற இடத்தில் பட்டாளத்தோடு கூடினார்கள். மேடை கட்டி, ரத்தம் தொட்டுச் சத்தியம் செய்ய ஏற்பாடாயிற்று. மேடையேறுவது யார்? பெரிய பெரிய கவர்னர்களெல்லாம் "நீர் ஏறும், நீர் ஏறும்" என்று ஒருவரையொருவர் தள்ளினார்களே ஒழிய, ஒருவனும் ஏறவில்லை. கடைசியில், குவாங்லிங் ஜில்லா அதிகாரி ஜாங் சாவ் என்பவனிடம் சிப்பந்திகளின் தகுதியைப் பார்க்கும் வேலையிலிருந்த ஸாங் ஹோங் என்பவனை ஏற்றிவிட்டார்கள். காரியம் கெட்டால் முதலில் போவது ஏறியவன் தலையல்லவா? நமது ஊர்களில் கூட மகஜரில் முதல் கையெழுத்துப் போடச் சொன்னால் பெரிய மனிதர்களுக்குக் கண்ணாடி காணாமல் போய்விடும்.

ஹோங் ஏறினான்; கண்ணீர் விட்டுப் பேசினான். இந்தச் சத்தியத்தை மீறுகின்றவன் உயிரிழந்து வம்சமற்றுப் போகக்கடவன், வானமும் பூமியும் முன்னோர் ஆவிகளும் சாக்ஷி என்றான். பிறகு நடந்ததென்ன? தானியம் தீர்ந்தது, கூட்டம் கலைந்தது. சத்தியம் செய்தவர்களில் லியு டாய் என்பவன், கூடச் சத்தியம் செய்த சியாவ் மாவ் என்பவனையே கொன்றான். அந்த லியு டாய் 192-இல் கலகக்காரரால் கொல்லப்பட்டானே, அது தெய்வ தண்டனை அல்லவா என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். சத்தியத்தைக் கடைசி வரை மதித்த ஹோங்குக்குத் தெய்வம் கொடுத்தது என்ன என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

வடக்கே யுவான் ஷாவ் என்ற பெரும்பிரபு ஹோங்கின் திறமையைக் கண்டு உத்தியோகம் கொடுத்து, பின்னர் டோங் ஜில்லாவுக்கு அதிகாரியாக்கினான். இந்நிலையில் 195-இல் பழைய எஜமானனான ஜாங் சாவை, சாவோ சாவோ என்ற மற்றொரு பிரபு யோங்சியூ பட்டணத்தில் முற்றுகையிட்டான். ஹோங் ஒருவனே நம்மைக் காக்க வருவான் என்று பழைய எஜமானன் நம்பினான். ஹோங்கும் செருப்பில்லாத காலோடு அழுதுகொண்டு வந்து, யுவான் ஷாவிடம் பட்டாளம் கேட்டான். யுவான் ஷாவுக்கோ அப்பொழுது சாவோ சாவோவிடம் சிநேகம். ஆகையால் மறுத்தான். என் சொந்த ஆட்களோடாவது போகவிடுங்கள் என்றான்; அதற்கும் மறுப்பு. யோங்சியூ விழுந்தது, பழைய எஜமானன் தற்கொலை செய்துகொண்டான், அவன் குடும்பம் பூண்டோடு அழிக்கப்பட்டது. ஹோங் புதிய எஜமானனுடன் உறவை முறித்தான். யுவான் ஷாவ் படையோடு வந்து அவனுடைய டோங்வுயாங் பட்டணத்தை வளைத்துக்கொண்டான்.

முற்றுகை ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. தானியம் தீர்ந்தபொழுது ஹோங் ஜனங்களைக் கூப்பிட்டு, நான் சாகவேண்டியவன், உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, பெண்டு பிள்ளைகளோடு வெளியேறிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றான். நாம் அவன் நாணயத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் போகவில்லை. எலியைத் தின்றார்கள், மிருகங்களின் நரம்பையும் கொம்பையும் வேகவைத்துத் தின்றார்கள். சமையற்கட்டில் கொஞ்சம் அரிசி மிஞ்சியிருந்தது. எனக்கு மட்டும் எதற்கு என்று அதைத் தண்ணீர்க் கஞ்சியாக்கி எல்லோருக்கும் ஊற்றினான். இதுவரையில் சரி.

அதற்கப்புறம், தன் பிரியமான ஆசைநாயகியைக் கொன்று சிப்பாய்களுக்கு உணவாகக் கொடுத்தான்! சிப்பாய்கள் அழுதார்கள், தலைநிமிரவில்லை என்று எழுதியிருக்கின்றது. அவள் யாரிடம் சத்தியம் செய்தாள்? எந்த மேடையில் ஏறினாள்? இரண்டு எஜமானர்களில் எவனிடம் சம்பளம் வாங்கினாள்? தன் உயிரைக் கொடுப்பவனைத் தியாகி என்னலாம். பிறத்தியார் உயிரை எடுத்துக் கொடுப்பதற்கு என்ன பெயர்? எஜமானன் பட்டணம் போனதற்கு இவன் அழுதான். இவன் வீட்டுப் பெண் போனதற்கு அழுதவர்கள் சிப்பாய்கள். இத்தனையும் எழுதிய சரித்திரக்காரர்கள் அவள் பெயரை எழுதவில்லை. ஏழெட்டாயிரம் பேர் ஒருவர்மேல் ஒருவராகச் செத்துக் கிடந்தார்கள், ஒருவனும் விட்டு ஓடவில்லை என்று மட்டும் பெருமையாக எழுதியிருக்கின்றார்கள்.

பட்டணம் விழுந்தது. ஹோங்கைப் பிடித்து யுவான் ஷாவ் முன் நிறுத்தினார்கள். அவன் பணியாமல், உன் வம்சம் நான்கு தலைமுறை ராஜ்யத்தின் உப்பைத் தின்றும் ராஜ்யத்துக்கு ஆபத்து வந்தபொழுது என்ன செய்தாய் என்று கேட்டான். வெட்டச் சொன்னான் யுவான் ஷாவ். அங்கிருந்த சென் ரோங் என்ற ஹோங்கின் ஊர்க்காரன் எழுந்து, இது அநியாயம், உன்னோடு பிழைப்பதைவிட அவனோடு சாவேன் என்றான். அவனையும் வெட்டினார்கள்.

200-ஆம் வருஷத்தில் குவான்டு என்ற இடத்தில் பெரிய யுத்தம் நடந்தது. ஒரு பக்கம் யுவான் ஷாவ். மறுபக்கம், எவனுடைய சிநேகத்துக்காகப் பட்டாளம் தர மறுத்தானோ அதே சாவோ சாவோ. யுவான் ஷாவ் தோற்று, ஆற்றைத் தாண்டி ஓடினான்.